குற்றவியல் படிக்கலாமா?



கல்லூரிகளில் இடம் தேடிப் பெற்றோர் அலையும் காலம் இது. இக்காலத்தில் நமக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை சிபாரிசு வேண்டி வருபவை. அவற்றைப் பற்றி இங்கு எழுதி மனத்தாங்கலை விலைக்கு வாங்க நாம் விரும்பவில்லை. ஆயினும் அண்மையில் வந்த மூன்று கடிதங்கள் சிபாரிசு கேட்கவில்லை, ஆலோசனை கேட்டன. மூன்றும் ஒரே படிப்பைப் பற்றியவை என்பதால் ஒருசேர மறுமொழி கூறுகிறோம்.

முதற் கடிதம் ஒரு தந்தையுடையது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். வணிகவியலோ ஆங்கிலமோ படிப்பாள் என்று வீட்டார் எண்ணியிருக்க, குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும்தான் படிப்பேன் என்று அவள் ஒரே பிடியாக நிற்கிறாளாம். "சாமி, பெண் பிள்ளைக்குப் போலீஸ் ஸ்டேஷனும் ஜெயிலும் எதற்கு? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வேன்?" என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது கடிதம் ஒரு தாயுடையது. அவருடைய மகன் இப்படிப்பை முடித்தால் நேரே இன்ஸ்பெக்டர் ஆகிவிடலாம் என்று நம்புகிறான். அது மெய்தானா என்று கேட்கிறார். மூன்றாவதை எழுதியவர் இரண்டாம் ஆண்டில் இதையே பயிலும் ஒரு மாணவி. உறவினர் கேலி செய்வதைப் பொறுத்துக்கொள்கிறாராம். ஆனால் களப்பணிக்காகச் சிறைக்குச் சென்று வந்த நாள்முதல் இரவில் உறக்கம் வரவில்லை என்றும், இது தமக்கு ஏற்ற படிப்புத்தானா என்றும் வினவியிருக்கிறார். இம்மூன்றனுள் இக்கடைசிக் கடிதமே நம் மனத்தில் தைத்தது. எனினும் முறைப்படியே செல்வோம்.

இப்படிப்பு யாது? ஓர் ஊரில் ஒரு குற்றம் நடக்கிறது என்று கொள்வோம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. ஒருவன் கைது செய்யப்பட்டு நடுவர் முன் நிறுத்தப்படுகிறான். ரிமாண்டு, ஜாமீன் மனு, குற்றப்பத்திரிகை, வாய்தாவுக்குமேல் வாய்தா, சாட்சி விசாரணை, தீர்ப்பு, சிறை. பிறகு ஒருநாள் விடுதலை, மீண்டும் அதே ஊர், அதே தெரு. இந்த நெடிய பாதையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சட்டக் கல்லூரி கற்பிக்கிறது. கத்தியில் உள்ள கறை யாருடைய இரத்தம் என்பதைத் தடய அறிவியல் சொல்கிறது. இப்பாதையில் மனிதருக்கு உண்மையில் என்ன நேருகிறது, அவன் ஏன் இப்பாதைக்கு வந்தான், இதிலிருந்து எப்படி வெளியேறுவான், பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்பவற்றைக் கேட்பதே குற்றவியல். ஆகவே அதில் சமூகவியலும் உளவியலும் சட்டமும் சிறிது புள்ளியியலும் கலந்திருக்கும். தண்டனையியல், பாதிக்கப்பட்டோர் இயல், இளஞ்சிறார் நீதி, காவல் நிர்வாகம், இந்நாளில் இணையவழிக் குற்றங்கள் என்று பாடங்கள் விரியும். கூர்நோக்கு இல்லம், சிறை, நீதிமன்றம் ஆகியவற்றில் களப்பணியும் உண்டு.

இது நேற்று முளைத்த படிப்பன்று. அமெரிக்காவில் பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வால்மர் என்பவர், காவலருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று வாதாடி, 1916இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கோடைக்கால வகுப்புகள் தொடங்கக் காரணமானார். நம் நாட்டில் சாகர் பல்கலைக்கழகத்தில் 1959இல் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் துறை அமைந்தது. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இத்துறைகள் உள்ளன. கலைக் கல்லூரிகள் சிலவும் இளங்கலை வகுப்பு நடத்துகின்றன.

இனி வேலை. படிப்பைப் பற்றிப் பேசும்போது வேலையைப் பற்றிப் பேசுவது உலகாயதம் என்று சில குருக்கள் நினைப்பதுண்டு. கல்லூரிக் கட்டணத்திற்காக நகையை அடகு வைத்த தாய்க்கு முன்னால் அந்த நினைப்பு நிற்காது. ஆகவே உள்ளதை உள்ளபடி கூறுகிறோம். குற்றவியல் பட்டம் பெற்றவர் என்பதற்காக எவரையும் காவல்துறை நேரே அதிகாரியாக்குவதில்லை. தமிழகத்தில் சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். எழுத்துத் தேர்வும் உடல் தகுதியும் எல்லாருக்கும் பொதுவே. இப்பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வழக்காட இயலாது. அதற்குச் சட்டப் படிப்பு வேண்டும். ஆனால் எந்தப் பட்டத்திற்குப் பிறகும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம் என்பதால், குற்றவியல் பயின்று பின்னர்ச் சட்டம் பயின்ற வழக்கறிஞர் மற்றவரைவிட ஒரு படி தெளிவோடு வாதாடக்கூடும். தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்ற விரும்புவோர் இளங்கலையிலேயே வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்றவற்றுள் ஒன்றை எடுக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று தடயம் திரட்ட வேண்டும் என்கிறது. இதை நிறைவேற்ற மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. அத்துறைக்கு ஆள் தேவைப்படும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

குற்றவியல் படித்தோர் நன்னடத்தை அலுவலர் பணிக்கும், சிறைகளிலும் சிறார் இல்லங்களிலும் நல அலுவலர், ஆலோசகர் போன்ற பணிகளுக்கும் செல்வதுண்டு. தொண்டு நிறுவனங்களும் உண்டு. அவற்றுள் பல ஒப்பந்தப் பணிகள், சம்பளம் சொற்பம். தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியலும் ஒரு பாடமாதலால் ஆசிரியப் பணிக்கும் வழியிருக்கிறது. ஆனால் துறைகள் சிலவே. இன்ஸ்பெக்டர் கனவு காணும் அம்மகனுக்கு நாம் சொல்வது இதுதான்: தம்பி, காக்கிச் சட்டைக்கு இது குறுக்கு வழியன்று. திரைப்படத்தில் இடைவேளைக்குள் துலங்கிவிடும் வழக்கு, நீதிமன்றத்தில் பத்தாண்டு கிடக்கும். குற்றவாளியைச் சுட்டு வீழ்த்தும் கதாநாயகனுக்குத் திரையரங்கில் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் ஏன் அபாயகரமானது என்பதைத்தான் இப்படிப்பின் முதலாண்டிலேயே கற்பிப்பார்கள். அது கசந்தால் வேறு பாடம் எடுத்துக்கொள்.

நிற்க. "குற்றவாளிகளைப் பற்றி நம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?" என்ற கேள்வியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. குற்றவாளி என்பவன் வேறொரு பிறவி, நம் வீட்டு வாசலுக்கு அப்பாற்பட்டவன் என்னும் எண்ணம் அது. இவ்வெண்ணத்திற்கு ஒரு காலத்தில் விஞ்ஞானம் என்றே பெயர் சூட்டினார்கள். இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், தாடையையும் நெற்றியையும் காதையும் அளந்து, பிறவிக் குற்றவாளி என்று ஓர் இனமே உண்டு என்றார். கற்றவர் பலர் நம்பினர். பின்னர் சார்லஸ் கோரிங் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உருவமே கிடையாது என்று 1913இல் வெளியிட்டார். அளவுகோலைப் பிடித்தவனின் மனத்தில் முன்பே இருந்ததுதான் அளவில் தெரிந்தது.

இது தொலைதூர ஐரோப்பாவின் கதை என்று நினைக்க வேண்டாம். லொம்புரோசோவின் நூலுக்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், ஆங்கில அரசு நம் நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொணர்ந்தது. ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவன் குற்றவாளி எனப் பதிவு செய்யப்பட்டான். 1911இல் அச்சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. மதுரை மேற்குப் பகுதியில் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் ஊர் ஊராகக் கைரேகை பதிக்கப்பட்டனர். அதனால் ஊரார் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவு பெற்றவர் இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போகவும் சீட்டு! ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டதாக அவ்வூரார் இன்றும் நினைவு கூருகின்றனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும்தான் அச்சட்டம் ஒழிந்தது. கிறிஸ்தவர்களாகிய நாமும் கைகழுவிக்கொள்ள இயலாது. இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியேற்றங்கள் சிலவற்றை இரட்சணிய சேனை போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தின. நல்லெண்ணத்தோடுதான் நடத்தியிருப்பார்கள். ஆனால் கம்பிவேலிக்குள் இருந்தவன் தன்னிச்சையாக அங்கு வந்தவன் அல்லனே!

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. குற்றத்தைப் பற்றிய அறிவு தவறாகிவிட்டால் வாடுபவன் எழுதிய பண்டிதன் அல்லன். ரேகை பதித்த குடியானவன். ஆகவே இத்துறையை யார் படிக்கிறார்கள், எத்தகைய உள்ளத்தோடு படிக்கிறார்கள் என்பது நமக்கும் சம்பந்தமுள்ள விஷயமே. கூரிய அறிவும் இளகிய மனமும் உள்ள பிள்ளைகளைக் கணக்குக்கும் கணினிக்கும் அனுப்பிவிட்டு, இதை யாரேனும் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. இவ்விடத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் கூறியாக வேண்டும். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து இத்தாலியரான பெக்காரியா 1764இல் எழுதிய சிறு நூல்தான் இத்துறையின் மூலநூல்களுள் முதன்மையானது. 1766இல் நம் திருச்சபை அதைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் திருத்தப்பட்டது 2018இல்; திருத்தத்திற்கு ஒப்புதல் அளித்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். இடையில் 250 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

சரி, சிறையில் இருப்பவர் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31ஆம் நாள் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்குமேல் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். இவ்வெண்களைக் கேட்டுத் திகைக்காத மாணவனை நாம் கண்டதில்லை. திகைக்காத பெரியவர்களை நிறையக் கண்டிருக்கிறோம்.

அவர்களுள் சிலருக்கு ஜாமீன் கிடைக்காததால் சிறை. வேறு சிலருக்கு ஜாமீன் கிடைத்தும் சிறை! இது எப்படி என்று கேட்பீர்கள். நீதிமன்றம் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்கும். சொத்துப் பத்திரமோ வரி ரசீதோ உள்ளவர் வர வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்பவனுக்கு அத்தகைய உறவினர் எங்கே இருக்கிறார்கள்? நாம் அறிந்த ஓர் இளைஞன் இவ்வாறு ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஒரு மாதத்திற்குமேல் உள்ளேயே இருந்தான். அவனுடைய தாய் வாரந்தோறும் மனு போட்டுப் பார்த்துவிட்டு, உத்தரவு இன்னும் வரவில்லை என்றே நினைத்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். களப்பணிக்கு வந்த கல்லூரி மாணவி ஒருத்திதான் கேள்விமேல் கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடித்தாள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியேறாவிடில் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஆணையிட்டிருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாதவரும் வேறு வழக்கு நிலுவையில் இல்லாதவருமான விசாரணைக் கைதி, அக்குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலம் சிறையிலிருந்தால் பிணையில் விடப்பட வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைத் தாய்க்குச் சொல்ல ஒருவர் வேண்டும். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் 1990இல் பிரயாஸ் என்னும் பணியைத் தொடங்கிச் சிறைகளுக்குச் சமூகப் பணியாளரை அனுப்பியது இத்தகைய தேவையை உணர்ந்தே.

விசாரணைக் கைதிகளைப் பற்றிப் பேசுகையில், திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமியை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த பழங்குடி இளைஞரைப் பற்றி ஆய்வு நடத்தி வெளியிட்டவர் அவர். 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயாளியாகிய அவர் நீர் பருகுவதற்கு உறிஞ்சுகுழல் உள்ள குவளை கேட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. ஜாமீன் மனு நிலுவையில் இருக்கையில், 2021 ஜூலை 5ஆம் நாள், 84ஆம் வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர்மீதான வழக்கின் விசாரணை தொடங்கவே இல்லை. அவர் எண்ணி எழுதிய கணக்கில் தாமும் ஒருவரானார்.

இதுவரை படித்தவர்கள், "இவர் கைதிகளுக்காகவே பரிந்து பேசுகிறாரே, அடிபட்டவர்களுக்கு யார்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாம் பணியாற்றிய ஒரு பங்கில் நிலத்தகராறில் ஒருவர் கொலையுண்டார். கொலையுண்டவரும் அதே பங்கு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனும் அதே பங்கு. இருவருடைய தாய்மாரும் ஞாயிறுதோறும் ஒரே பூசைக்கு வருவார்கள். பெண்கள் பகுதியில் ஒருத்தி முன்வரிசை, மற்றொருத்தி தூணுக்குப் பின்னால். நற்கருணை வாங்க ஒருத்தி எழுந்தால் மற்றொருத்தி கடைசி வரைக்கும் காத்திருப்பாள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. மகனை இழந்தவளுக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. சாட்சி சொல்ல அழைத்த நாளில் பேருந்துக்குக் காசு வாங்க நம்மிடம் வந்தாள். தீர்ப்பு வந்த செய்தியை அவள் செய்தித்தாளைப் பார்த்தவர் சொல்லித்தான் அறிந்தாள்.

நம் நீதி முறையில் வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் இடையிலானது. அடிபட்டவள் வெறும் சாட்சி. இக்குறையைக் கண்டு எழுந்ததே பாதிக்கப்பட்டோர் இயல். அதன் பயனாகத்தான் நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கும் திட்டம் சட்டத்தில் ஏறியது. குற்றம் செய்தவன் யாரென்றே தெரியாவிட்டாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இதற்கு விண்ணப்பிக்கலாம். எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? மகனை இழந்த அத்தாய்க்கு அந்நாளில் சொல்வார் இல்லை.

இனி அந்தத் தந்தைக்கு நேரே பதில். ஐயா, பெண் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தை இயன்றவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும், அப்போது சீருடை அணியக் கூடாது என்கிறது. ஏழு வயதுச் சிறுமி தனக்கு நேர்ந்ததைச் சொல்ல எதிரே ஒரு பெண் உட்கார வேண்டாமா? உம் மகள் வேண்டாம், வேறொருவர் மகள் உட்காரட்டும் என்பீரா? 1973இல் கோழிக்கோட்டிலும் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கிலும் மகளிர் காவல் நிலையங்கள் திறக்கப்பட்டபோதும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். சிறைகளில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களோடு ஆறு வயது வரை பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்குண்டு இறந்த கொடுமையில், தம் மேலதிகாரிகளுக்கு எதிராக நடுவரிடம் நடந்ததைக் கூறியவர் அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவரே. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கேட்டீர்கள். இப்படிப்பைக் கேட்டு ஒரு வீட்டார் பின்வாங்கினால், பின்வாங்கட்டும். பிற்பாடு பின்வாங்குவதைவிட அது நல்லது.

மூன்றாவது கடிதம் எழுதிய மகளுக்கு: சிறையைக் கண்டு உறக்கம் கெட்டது உன் குறையன்று. முதன்முறை உள்ளே சென்று வந்து நன்றாக உறங்கினேன் என்பவரைக் குறித்தே நாம் கவலைப்படுவோம். எனினும் உறங்காமலே மூன்றாண்டு படிக்க முடியாது. கண்டதையெல்லாம் தனியே சுமக்காதே. பேராசிரியரிடம் சொல், உடன் பயில்வோரிடம் சொல். கைதிகளின் பெயரையும் வழக்கையும் வீட்டிலோ தெருவிலோ பேசாதே. அவை உன்னிடம் நம்பிப் பகிரப்பட்டவை; எம் போன்றோருக்கும் இத்தகைய ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதை நீ அறிவாய். இரக்கம் மிகுதியாகி, சொல்வதையெல்லாம் நம்பிவிடும் அபாயமும் உண்டு. சிறையில் இருப்போர் எல்லாரும் நிரபராதிகள் அல்லர். சிலர் செய்த செயலைக் கேட்டால் உனக்கே கோபம் வரும், வரவும் வேண்டும். மேலே சொன்ன இரு தாய்மாரில் எவளிடம் சென்றாலும் முழுதும் கேட்டுவிட்டுத் திரும்பும் வலிமை உனக்கு இருக்கிறதா என்று ஆறு மாதம் பார். ஒருத்தியிடம் மட்டுமே உட்கார முடிகிறது என்றால் அதுவும் இழுக்கன்று. சட்ட உதவிக்கோ சிறார் நலத்திற்கோ திரும்பிக்கொள்ளலாம். ஆனால் நாளடைவில் ஒன்றும் உறைக்காமல் போய்விட்டால் மட்டும் இத்துறையை விட்டுவிடு. கல்நெஞ்சோடு இப்பணியில் இருப்பவர் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

இன்னும் முடிவெடுக்காத பெற்றோருக்கு ஒரு வேலை தருகிறோம். விண்ணப்பப் படிவம் வாங்குவதற்குமுன் ஒருநாள் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு உங்கள் வட்டத்தில் உள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திற்குச் செல்லுங்கள். குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்திலேயே நடைபெற வேண்டும் என்பது சட்டம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் மட்டுமே மூடிய அறையில் நடக்கும். ஆகையால் வெளியே போகச் சொன்னால் மறுபேச்சின்றி எழுந்துவிடுங்கள். காலை பத்தரை மணிக்குத் தொடங்கும். கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். பெயர் கூப்பிடப்படுவதையும், காவலரோடு கைதிகள் வருவதையும், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவோரின் முகங்களையும் மதிய இடைவேளை வரை பாருங்கள். வெளியே மரத்தடியில் காத்திருக்கும் பெண்களையும் பாருங்கள். வீடு திரும்பும் வழியில் நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். பிள்ளையே முதலில் பேசட்டும்.